மறுமடல்: பிரிட்ஜ் ‘டேம்பர்’ – தணிப்பியா, காற்றுமடையா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இழை நீண்டுவிட்டது. கேட்டிருப்பவற்றுக்கு வரிசை பார்க்காமல் பதில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வரி: இரண்டு கதவும் பக்கம் பக்கமாக உள்ள பெரிய பிரிட்ஜை வீட்டில் பராமரிப்பதற்கு ஒரு சிறு கையேட்டைத் தமிழில் எழுதி வருகிறேன். யாங்கோனில் எங்கள் கோயில் வட்டாரத்துக் குடும்பங்களுக்காக. மெக்கானிக் வருவதற்குள் நாமே எதைப் பார்க்கலாம், எதில் கை வைக்கக் கூடாது என்று சொன்னால் போதும். அதில், குளிர்காற்று வரும் வழியைத் திறந்து மூடும் ‘டேம்பர்’ என்ற பாகத்துக்குக் ‘காற்றுமடை’ என்று நான் பெயர் வைத்ததில்தான் இந்த விவாதம்.

> ‘தணிப்பி’ என்று ஏற்கெனவே இருக்கிறதே, புதுச் சொல் எதற்கு?

ஐயா, தணிப்பி என்பது அதிர்வைத் தணிக்கும் கருவிக்குப் பொருந்தும். மோட்டார் சைக்கிளுக்கு அது சரி. பிரிட்ஜில் உள்ள டேம்பர் எதையும் தணிப்பதில்லை. திறக்கிறது, மூடுகிறது, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்துவிட்டுப் போகட்டும், நாம் ஏன் அதையும் சேர்த்துச் சுமக்க வேண்டும்?

அதன் வேலையைச் சொல்லிவிடுகிறேன். இந்த வகைப் பிரிட்ஜில் பெரும்பாலான மாடல்களில் குளிரை உண்டாக்கும் சுருள் ஒன்றுதான், அதுவும் உறைபெட்டிப் பக்கத்தின் பின்பலகைக்குப் பின்னால். காய்கறி வைக்கும் பக்கத்துக்குத் தனியாகக் குளிர் உற்பத்தி கிடையாது. ஒரு சின்ன விசிறி குளிர்காற்றைத் தள்ளுகிறது, இரண்டு பக்கத்துக்கும் நடுவில் உள்ள சுவரில், பொதுவாக மேலே, ஒரு திறப்பு வழியாக அது இந்தப் பக்கம் வருகிறது. வேலை முடிந்த காற்று கீழே இன்னொரு திறப்பு வழியாகத் திரும்பிப் போகிறது. அந்தப் பக்கம் மைனஸ் 18 டிகிரி, இந்தப் பக்கம் 3, 4 டிகிரி. இவ்வளவு வித்தியாசத்தையும் ஆள்வது மேல் திறப்பில் உள்ள ஒரு சிறு பலகைதான். அதைத்தான் டேம்பர் என்கிறார்கள்.

வயலுக்கு எவ்வளவு தண்ணீர் விடுவது என்பதை மடையில் நின்று முடிவு செய்கிற மாதிரி. அதனால்தான் ‘காற்றுமடை’ என்றேன்.

> மடை என்றால் திறப்பு. மூடித் திறக்கிற பலகைக்கு அது எப்படிப் பொருந்தும்?

மதுரை அக்கா கேட்டது நியாயமான கேள்வி. திறப்பு காற்றுமடை, பலகை மடைப்பலகை, அதை அசைக்கும் மோட்டார் மடை மோட்டார் என்று பிரித்துக்கொள்ளலாம். பழைய மாடல்களில் மோட்டார் இல்லை, கையால் திருகும் குமிழ்தான் பலகையை நகர்த்தும், அதை மடைக்குமிழ் என்றால் போயிற்று. தணிப்பியை வைத்துக்கொண்டு இப்படி ஒன்றைக்கூடக் கட்ட முடியாது. தணிப்பிப்பலகை, தணிப்பிக்குமிழ் என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

> மடை என்றால் படையலும்தானே? மடைப்பள்ளி நினைவுக்கு வராதா?

வரும். பிரிட்ஜும் சமையலறையில்தானே இருக்கிறது, கெட்டுப்போகவில்லை. வேடிக்கை இருக்கட்டும், முன்னால் ‘காற்று’ நிற்பதால் யாரும் குழம்ப மாட்டார்கள் என்பது என் கணக்கு.

எங்கள் ஊர் நிலையையும் நினைத்துப் பாருங்கள். பர்மாவில் 1960களில் தனியார் பள்ளிகள் எல்லாம் அரசுடைமை ஆனபோது தமிழ்ப் பள்ளிகளும் போய்விட்டன. அதற்குப் பின் பிறந்தவர்கள் கோயில் வகுப்பிலும் வீட்டிலும்தான் தமிழ் படித்தார்கள். தமிழில் அறிவியல் பாடம் படித்தவர் எங்களில் அபூர்வம். ‘ஆவியாக்கி’, ‘ஒடுக்கி’ என்றெல்லாம் எழுதினால் பர்மியச் சொல்லையே கேட்டுவிட்டுப் போவார்கள். ஆனால் மடை என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. ஐராவதி டெல்டாவிலும் பெகு பக்கத்திலும் நெல் வயலுக்காகவே கப்பலேறி வந்த தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள்.

போகிற போக்கில், ஒரு நண்பர் கேட்டதற்குப் பதில்: பர்மியத்தில் பிரிட்ஜுக்கு ‘யேகெ தித்தா’ என்று பெயர். யேகெ என்றால் ஐஸ், தித்தா என்றால் பெட்டி. பட்டென்று புரிகிறது பாருங்கள்.

சரி, சொல் எங்கே உதவும் என்று ஒரு உதாரணம். கையேட்டில் இந்தப் பகுதிக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். ஒரு வீட்டில் உறைபெட்டியில் மீன் கல் மாதிரி இருக்கிறது, மறுபக்கம் தயிர் புளிக்கிறது, கீரை ஒரே நாளில் வாடுகிறது. உடனே ‘கேஸ் போயிருச்சு’ என்பார்கள். கேஸ் போயிருந்தால் உறைபெட்டியே தளர்ந்திருக்கும். குளிர் உண்டாகிறது, இந்தப் பக்கம் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். அப்படியானால் பார்க்க வேண்டியவை சில இடங்கள் மட்டுமே. உறைபெட்டிக் கதவைத் திறந்து, கதவு பட்டதும் அமுங்கும் சுவிட்சை விரலால் அழுத்திப் பிடியுங்கள். கம்ப்ரஸர் ஓடும்போது விசிறிச் சத்தம் கேட்க வேண்டும். கேட்டால், டார்ச்சை எடுத்துக்கொண்டு காய்கறிப் பக்கத்தின் மேல் தட்டுக்குப் பின்னால் காற்றுமடையைப் பாருங்கள். பலகையின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு பனிக்கோடு ஒட்டிக்கொண்டு, பலகை பாதியில் நிற்கும். சில வீடுகளில் பலகையில் குற்றமே இருக்காது, அதன் வாயை அடைத்தபடி ஒரு சாம்பார் பாத்திரம் உட்கார்ந்திருக்கும்.

பனி பிடித்திருந்தால் கத்தியால் சுரண்டக் கூடாது. பலகை பிளாஸ்டிக், உடைந்தால் முழுப் பாகத்தையும் மாற்ற வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சாமான்களை எடுத்துவிட்டு, கதவைத் திறந்து போட்டு உருக விடுவதே நல்லது. தரையில் பழைய துணி போட மறக்காதீர்கள். உருகிய பிறகு சரியாகி, ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடியும் அதே தொல்லை என்றால் கோளாறு வேறிடத்தில். பெரும்பாலும் பனி கரைக்கும் ஹீட்டரோ அதன் சென்சாரோ வேலை செய்யவில்லை, பின்பலகைக்குப் பின்னால் சுருள் முழுவதும் பனி மூடியிருக்கும். சுருளின் ஒரு மூலையில் மட்டும் பனி, மற்ற இடம் வெறுமையாக இருந்தால்தான் கேஸ் கசிவைச் சந்தேகிக்க வேண்டும். இந்த இரண்டும் மெக்கானிக் வேலை. புதிய மாடல்கள் பலவற்றில் உள்ள ஆர் 600ஏ தீப்பற்றும் கேஸ், அந்தக் குழாயில் நாம் கை வைக்கவே கூடாது.

> அந்தப் பிரிட்ஜ் வகைக்கே ‘இருகதவுப் பெட்டி’ என்று வைத்துவிடலாமே?

கடையில் டபுள் டோர் என்றால் மேலே உறைபெட்டி உள்ளதைக் காட்டுவார்கள். குழப்பம்தான் மிஞ்சும். உறைபெட்டி எங்கே இருக்கிறது என்பதை வைத்து மேல் உறைபெட்டி, கீழ் உறைபெட்டி, பக்க உறைபெட்டி என்று பிரிக்கலாம். நடுவில் உள்ளது இடைச்சுவர்.

> ஸ்டெபிலைசரில் ‘டைம் டிலே’ என்று வருவதற்கு?

இது எங்களுக்குத் தினப்படி தேவை. மின்சாரம் சுழற்சி முறையில் வருகிறது. வந்ததும் தெருவே ‘மீ லாபீ’ (கரண்ட் வந்துவிட்டது) என்று பர்மியத்தில் கத்தும், அதே நொடியில் எல்லாப் பிரிட்ஜும் கிளம்பப் பார்க்கும். நின்ற கம்ப்ரஸருக்குள் அழுத்தம் சமமாக 3 முதல் 5 நிமிடம் வேண்டும். அதற்குள் கிளப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தத்தோடு மறுபடி நின்றுவிடும். அந்த இடைவெளிக்குப் ‘பொறுநேரம்’ என்று எழுதியிருக்கிறேன். காத்திருப்பு நேரம் என்றால் பஸ் ஸ்டாப் ஞாபகம் வருகிறது. மின்சாரம் இல்லாதபோது கதவைத் திறக்காமல் இருந்தால் காய்கறிப் பக்கம் சுமார் 4 மணி நேரம் தாங்கும், நிறைந்த உறைபெட்டி 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24. இதைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறேன்.

மற்றவை சுருக்கமாக. கதவைச் சுற்றியுள்ள பட்டைக்கு ‘ரப்பர்’ என்றே விட்டுவிட்டேன், எல்லார் வாயிலும் அதுதான். மழைக்காலத்தில் அதன் மடிப்பில் கரும்பூஞ்சை பிடிக்கும், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் போதும். ஒரு தாளை நடுவில் வைத்துக் கதவை மூடி இழுத்தால் தடையில்லாமல் வரக் கூடாது. கதவுகளுக்கு நடுவில் உள்ள சட்டம் தொட்டால் சூடாக இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: பல மாடல்களில் அங்கே வியர்க்காமல் இருக்கச் சூடான குழாயை ஓட்டியிருக்கிறார்கள், அது கோளாறு இல்லை. ‘வியர்ப்புத் தடுப்புக் குழாய்’ என்று எழுதினேன், நீளம் அதிகம்தான்.

பனி கரைக்கும் வேலைக்கு ‘பனிநீக்கம்’ என்று சென்னை நண்பரும் ‘பனிகரைப்பு’ என்று நானும் நிற்கிறோம். நீக்கம் என்றால் சுரண்டி எடுப்பதும் அடங்கும், அதைத்தான் செய்யாதே என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறேன். அச்சுக்கூடம் அடுத்த வாரம் கேட்கிறது. காற்றுமடைக்கு வலுவான மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள். இல்லையென்றால் அப்படியே போகட்டும்.

அன்புடன்,
யாங்கோனிலிருந்து