பழைய கிணறு இருக்கிறது, மாடி மழைத் தண்ணீரை போர்வெல்லில் விடலாமா?

மடிப்பாக்கம்_வாசி:
வணக்கம். 2004-ல் கட்டிய சொந்த வீடு. மொட்டை மாடி சுமார் 1000 சதுர அடி, முன்னால் 140 அடி போர்வெல். பின்பக்கம் கட்டட வேலைக்காகத் தோண்டிய உறைக்கிணறு ஒன்று இருக்கிறது, 28 அடி ஆழம். பத்து வருஷமாக சிமெண்ட் பலகை போட்டு மூடியே வைத்திருக்கிறோம். 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய பிறகு கட்டிய வீடு என்பதால், பிளான் அப்ரூவலுக்காக மூலையில் ஒரு சின்னக் குழி தோண்டி ஜல்லி நிரப்பினார்கள். அதை இதுவரை திறந்ததே இல்லை, போன ஐப்பசி மழையில் குழிக்கு மேலேயே குளம் மாதிரி தேங்கி நின்றது. ஆனால் சித்திரை வந்தால் போர் காற்றுதான் வாங்குகிறது, லாரிதான் கதி. மாடிப் பைப்பை நேராக போரின் கேசிங் குழாயில் சேர்த்துவிடலாம், ஒரே நாள் வேலை என்று பிளம்பர் சொல்கிறார். செய்யலாமா?

கிணற்றடி_நங்கநல்லூர்:
தம்பி, அதை மட்டும் செய்யாதீர்கள். மாடியில் எவ்வளவு பெருக்கினாலும் காக்கை எச்சமும் நைசான மண்ணும் பைப்போடு இறங்கத்தான் செய்யும், அந்த மண் போய் பாறை இடுக்குகளை அடைத்துக்கொண்டால் இப்போது ஊறுகிற கொஞ்சமும் ஊறாது. மேலே இருக்கிற அழுக்கு ஒரு வடிகட்டலும் இல்லாமல் நேராக அடித்தண்ணீரில் கலந்துவிடும் என்பது இன்னொன்று. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இப்படி விட்டார்கள், மூன்றாவது மழைக்காலத்தில் போரையே கழுவ வேண்டி வந்தது.

உங்களிடம் கிணறு இருக்கிறதே, அதை விட்டுவிட்டு ஏன் போரைத் தேடுகிறீர்கள்? ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். உங்கள் மாடி 93 சதுர மீட்டர். ஒரு ராத்திரியில் 5 சென்டிமீட்டர் கொட்டினால் 4,650 லிட்டர், சிந்தியது சிதறியது போக 4,000 லிட்டராவது கைக்கு வரும். சென்னையில் வருஷ சராசரி 1,400 மில்லிமீட்டர் பக்கம், அதாவது சிந்தியது சிதறியது போக மாடியில் மட்டும் ஒரு லட்சம் லிட்டராவது, 12,000 லிட்டர் லாரிக் கணக்கில் எட்டு லாரி. இதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வந்துவிடும், அவ்வளவையும் சட்டென்று வாங்கிக்கொள்ள கிணற்றை விட்டால் வேறு இடம் கிடையாது. மண் மெதுவாக உறிஞ்சும், அதுவரை தண்ணீர் கிணற்றிலேயே காத்திருக்கும்.

நான் செய்திருப்பது இதுதான். கிணற்றுக்கு முன்னால் செங்கல்லில் இரண்டரை அடி சதுரத்தில், மூன்று அடி ஆழத்தில் ஒரு தொட்டி. மாடித் தண்ணீர் அதில் விழும், மண் அடியில் தங்கும், மேலாக நிற்கிற தண்ணீர் சல்லடை வழியாக கிணற்றுக்குப் போகும். முதலில் மணலும் ஜல்லியும் போட்டுத்தான் பார்த்தேன். பெருமழையில் மணல் அடைத்து எல்லாம் வெளியே வழிந்தது. கிணற்றுக்குச் சும்மா மண் தங்கும் தொட்டியே போதும். கிணற்றுக்குள் நீட்டும் பைப்பின் முனையில் எல்போ (வளைவுத் துண்டு) போட்டுக் கீழே திருப்பிவிடுங்கள், தண்ணீர் உறையில் அடித்து விழுந்தால் பின்னால் இருக்கிற மண் கரையும்.

சேலையூர்_இல்லத்தரசி:
கிணற்றைப் பற்றி சார் சொன்னது சரிதான். நாங்கள் சம்ப்பிலும் (தரைக்கடித் தொட்டி) பிடிக்கிறோம், காய்ச்சிச் சமையலுக்கும் குடிக்கவும் அதுதான். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குத் தண்ணீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டு கிடந்தபோது குடத்தோடு தெருவில் நின்றவள் நான், அந்த வருஷமே செய்துவிட்டோம். சம்ப்பில் விடுவதாக இருந்தால் முதல் மழைத் தண்ணீரைக் கட்டாயம் ஒதுக்க வேண்டும். இதில் எல்லாரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. பிளம்பர்கள் மாடிப் பைப்பில் T வடிவ இணைப்பு ஒன்று போட்டு பத்தடி பைப்பைத் தொங்கவிட்டு மூடி போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நாலு இஞ்ச் பைப்பில் மீட்டருக்கு 8 லிட்டர்தான் பிடிக்கும், பத்தடிக்கு 24 லிட்டர். 1000 சதுர அடி மாடியில் முதல் 1 மில்லிமீட்டர் மழையே 93 லிட்டர், அழுக்கெல்லாம் அதில்தான் வரும். நாங்கள் 100 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் வைத்திருக்கிறோம், அது நிரம்பிய பிறகுதான் தண்ணீர் சம்ப் பக்கம் திரும்பும். டிரம்மின் அடியில் சின்ன ஓட்டை இருக்கிறது, மழை விட்டதும் தானாகக் காலியாகிவிடும்.

அப்புறம், மாடியில் துணி துவைத்து சோப்புத் தண்ணீர் விடுகிற வழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

பெசன்ட்நகர்_மணல்:
எங்கள் பக்கம் முழுக்கக் கடற்கரை மணல். இங்கே ஒரு குழி தோண்டினாலே ஊற்றிய வேகத்தில் தண்ணீர் இறங்கிவிடும், அதைப் பார்த்துவிட்டு களிமண் பகுதியில் இருப்பவர்களும் அதே குழியைப் போட்டால் தேங்கத்தான் செய்யும். உங்கள் பழைய குழியை மூடிவிட வேண்டாம். ஜல்லியை எல்லாம் அள்ளிவிட்டு மூன்றடி சிமெண்ட் உறைகளைக் களிமண் தாண்டும் வரை இறக்கி, உள்ளே எதுவும் நிரப்பாமல் மேலே மூடி மட்டும் போடுங்கள். காலியாக இருந்தால்தான் நிறையப் பிடிக்கும், தூர் வாரவும் முடியும். கேட் பக்கம் தெருவுக்கு ஓடுகிற தண்ணீரைக் கம்பி போட்ட வாய்க்காலில் மறித்து இதில் விடலாம். வண்டி எண்ணெயும் நாய் அசிங்கமும் கலந்த தண்ணீர் அது, கிணற்றுப் பக்கம் போகக் கூடாது. செப்டிக் டேங்க் பக்கத்தில் என்றால் உறை இறக்கவே வேண்டாம்.

மடிப்பாக்கம்_வாசி:
எல்லாருக்கும் நன்றி. போர் யோசனையை விட்டுவிட்டேன், பிளம்பரிடமும் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கிணற்றுப் பலகையைத் தூக்கி ஒரு ஆளை இறக்கி தூர் வாரலாம் என்று இருக்கிறேன்.

கிணற்றடி_நங்கநல்லூர்:
தம்பி, ஞாயிற்றுக்கிழமை யாரையும் இறக்காதீர்கள்! பத்து வருஷம் மூடிக் கிடந்த கிணற்றில் விஷவாயு இருக்கலாம், மூச்சுவிடக் காற்றே இல்லாமலும் இருக்கலாம், இறங்கினவரைக் காப்பாற்றப் போனவரும் சேர்ந்து சாவது நம் ஊரில் நடக்காத விஷயம் இல்லை. பலகையை எடுத்துவிட்டு இரும்புக் கம்பி வலை போட்டுச் சில நாள் திறந்தே வையுங்கள், குழந்தைகள் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரை மோட்டாரில் இறைத்துவிட்டு, மேலே நின்றபடியே மெஷினில் சேறு அள்ளுகிறவர்களைக் கூப்பிடுங்கள். கூலி கூடத்தான் ஆகும், ஆகட்டும். புரட்டாசிக்குள் முடித்தால் போதும், நாள் இருக்கிறது. கடைசியில் கிணற்று வாயில் கொசுவலை கட்ட மறக்காதீர்கள்.