பழைய பிக்கப் வண்டிக்கு எந்த அளவில், எந்த உலோகத்தில் புகைக்குழாய்?

கேள்வி

வணக்கம். 5.7 லிட்டர் வி8 எஞ்சினும் கார்புரேட்டரும் கொண்ட பழைய பிக்கப் வண்டி ஒன்று என்னிடம் இருக்கிறது. எஞ்சின் நன்றாக ஓடுகிறது. ஆனால் மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்துக் குழாய்க்கு அனுப்பும் பாகம்) பின்னால் உள்ள குழாயும் சைலன்சரும் இனி ஒட்டுப் போடவும் இடமில்லாத அளவுக்குத் துருவேறிவிட்டன. பெரும்பாலும் பாரம் ஏற்றவும் டிரெய்லர் இழுக்கவுமே இதைப் பயன்படுத்துகிறேன். 3 அங்குல இரட்டைக் குழாய் போட்டால் சக்தி கூடும் என்கிறார் ஒருவர். எஞ்சினுக்குப் பேக் பிரஷர், அதாவது புகை வெளியேறுவதைத் தடுக்கும் எதிர் அழுத்தம், அவசியம், ஆகவே குறுகிய குழாயே நல்லது என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது? துருப்பிடிக்காத எஃகுக்குக் கூடுதலாகச் செலவிடுவது தகுமா?

பதில் 1

இருவர் சொல்வதிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. எந்த எஞ்சினுக்கும் பேக் பிரஷர் தேவையில்லை. அதற்குத் தேவைப்படுவது புகை வெளியேறும் வேகம். வால்வு திறந்ததும் சீறிப் பாயும் புகை தனக்குப் பின்னால் அழுத்தக் குறைவை உண்டாக்குகிறது; அந்தக் குறைவே சிலிண்டரில் எஞ்சிய புகையை இழுத்து வெளியேற்றி, புதிய கலவை உள்ளே வரவும் உதவுகிறது. குழாய் அளவுக்கு மீறி அகலமானால் புகையின் வேகம் தளர்ந்து, எஞ்சின் மெதுவாகச் சுழலும் குறைந்த சுழற்சியில் இந்த உதவி குறைந்துவிடும். பாரம் இழுப்பவருக்கு இழுவை தேவைப்படுவதோ அந்தக் குறைந்த சுழற்சியில்தான்.

பரப்பளவைக் கணக்கிட்டால் இது தெளிவாகும். இரண்டு 2.25 அங்குலக் குழாய்களின் மொத்தப் பரப்பு, ஒரு 3 அங்குலக் குழாயின் பரப்பைவிடச் சற்றே அதிகம். இரண்டு 3 அங்குலக் குழாய்களோ அதைப்போல இரு மடங்கு. மாற்றம் எதுவும் செய்யாத உங்கள் எஞ்சினுக்கு அவ்வளவு தேவையில்லை. இரு பக்கக் குழாய்களையும் ஒய் வடிவ இணைப்பில் சேர்த்து, அதன்பின் ஒற்றை 3 அங்குலக் குழாயாகக் கொண்டுபோவதையே நான் தேர்ந்தெடுப்பேன். வளைவுகள் மேண்ட்ரல் முறையில் (குழாய்க்குள் தாங்கும் தண்டை வைத்து) வளைக்கப்பட்டவையா என்று அவசியம் கேளுங்கள். சாதாரண முறையில் வளைத்தால் குழாய் அந்த இடத்தில் நசுங்கி, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அகலம் அங்கேயே குறைந்துவிடும்.

பதில் 2

உலோகத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாக உருவாகிறது. குறுந்தூரமே ஓடும் வண்டியில் சைலன்சர் முழுதாகச் சூடேறாததால், அந்த ஆவி உள்ளேயே நீராகத் தங்கி, அமிலத்தன்மையோடு சேர்ந்து உலோகத்தை உள்ளிருந்து அரிக்கிறது. புகையைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டைக் குழாய்களில் சூடு இன்னும் குறைவு என்பதால் இந்தத் தொல்லையும் அதிகம்.

அலுமினியப் பூச்சுள்ள எஃகு விலை குறைந்தது, ஓரளவு உழைக்கும். ஆனால் வெல்டிங் செய்த இடத்தில் பூச்சு எரிந்துபோய், துரு அங்கேதான் தொடங்கும். 409 வகைத் துருப்பிடிக்காத எஃகில் சுமார் 11 சதவீதம் குரோமியம் உண்டு. வெளியே பழுப்பேறினாலும் எளிதில் ஓட்டை விழாது. 304 வகையில் குரோமியத்தோடு நிக்கலும் சேர்வதால் பளபளப்பும் நிலைக்கும், விலையும் ஏறும். உழைக்கும் வண்டிக்கு 409 போதும் என்பது என் கருத்து.

பதில் 3

புதுக் குழாய் வாங்குமுன் மேனிஃபோல்டைப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சினை இயக்கியதும் டிக் டிக் என்று கேட்டு, சூடேறியபின் அந்த ஒலி அடங்கினால், போல்ட் உடைந்திருக்கலாம் அல்லது இணைப்பை அடைக்கும் கேஸ்கெட் கசியலாம். புகையில் உள்ள நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. கசிவு கேபினுக்குள் வந்தாலும் மூக்குக்குத் தெரியாது. இதே காரணத்தால் குழாயின் வாய், கேபினுக்கு அடியில் முடியாமல், பின்சக்கரத்தைத் தாண்டி வெளியே வரவேண்டும்.

பிரேக் குழாய்க்கும் எரிபொருள் குழாய்க்கும் போதிய இடைவெளி விடச் சொல்லுங்கள். எஞ்சின் அசையும் என்பதால் ரப்பர் ஹேங்கர்களில்தான் தொங்கவிட வேண்டும். வண்டி கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரோடு (புகையின் நச்சைக் குறைக்கும் பாகம்) வந்ததென்றால் அதை எடுத்துவிடாதீர்கள்.

சைலன்சரைப் பொறுத்தவரை, நின்ற இடத்தில் எஞ்சினை முறுக்கிக் கேட்கும் ஒலியை வைத்து முடிவு செய்யாதீர்கள். பாரத்தோடு சீரான வேகத்தில் போகும்போது, கேபினுக்குள் ஓயாத ரீங்காரம் எழுகிறதா என்பதே முக்கியம். புகை தடையின்றி நேராகச் செல்லும் நேர்வழிச் சைலன்சர்கள் பலவற்றில் அது எழும். அறைகள் கொண்ட பெரிய சைலன்சரையே தேர்ந்தெடுங்கள்.