தம்பிக்கு இங்கிலாந்தில் 2 வருட ஊழியம்: போய் வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

பெரம்பூர் அக்கா:

நாங்கள் பெரம்பூர். அப்பா எங்களோடு இல்லை. அம்மா, நான், தம்பி, மூன்று பேர்தான். அம்மா வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். அவருக்கு லூர்து மாதா கோவிலை விட்டால் வேறு உலகம் கிடையாது. தம்பி மட்டும் 3 வருடம் முன்பு நண்பனோடு போய், அமெரிக்காவில் தொடங்கிய மார்மன் சபையில் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டான். அன்றைக்கு வீட்டில் நடந்த சண்டை தெருவுக்கே கேட்டது. இப்போது ஆறிவிட்டது.

டிப்ளமா முடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். போன மாதம் செல்போனை நீட்டி, வட இங்கிலாந்தில் 24 மாதம் ஊழியம் செய்ய, அதாவது சபைக்காகப் பிரசங்கம் பண்ண, அழைப்பு வந்திருக்கிறது என்றான். அம்மா அதற்கப்புறம் சரியாகத் தூங்கவில்லை. அங்கே காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் என்னதான் செய்வார்கள்? சாப்பாடு? வீட்டோடு பேச விடுவார்களா? எனக்கு அடுத்த தை மாதம் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அதற்கு வர முடியுமா? அவனைக் கேட்டால் "எல்லாம் நல்லா இருக்கும்க்கா" என்பதற்கு மேல் எதுவும் வராது. அவன் அப்படித்தான்.

வியாசர்பாடி 10ஆம் நம்பர் ஜெர்சி:

அக்கா, நான் போய் வந்தவன். வட இங்கிலாந்தேதான். பிரெஸ்டனிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள்.

காலை 6:30க்கு எழுந்துவிட வேண்டும். அரை மணி நேரம் உடற்பயிற்சி, குளியல், பாலில் கொட்டின கார்ன்ஃபிளேக்ஸ். அப்புறம் வேத வாசிப்பு, அன்றைக்கு யாரைப் பார்ப்பது என்று திட்டம். 10 மணி வாக்கில் வெளியே கிளம்பினால் ராத்திரி 9க்குத்தான் ரூம். 10:30க்கு லைட் அணைக்க வேண்டும். சினிமா, டிவி, காதல் எதுவும் கிடையாது. செல்போன் கொடுப்பார்கள், ஊழியத்துக்கு மட்டும்.

நடுவில் இருக்கிற அந்த 11 மணி நேரம்தான் விஷயம். நடை, பஸ், நடை. டிசம்பரில் 4 மணிக்கே இருட்டிவிடும். இருட்டில் இரண்டு பையன்கள் கதவைத் தட்டினால் யார் திறப்பார்கள்? ஒரு தெரு முழுக்கத் தட்டி ஒரு கதவும் திறக்காத நாள் நிறைய. திறந்த பாட்டிகளும் "நாட் டுடே, லவ்" என்று மூடிவிடுவார்கள். அந்த 'லவ்' நம்ம ஊர் 'கண்ணு' மாதிரி. கோபமே வராது. அதனால் குளிர்காலத்தில் பாதி வேலை போனில்தான் நடக்கும். வாரம் ஒருநாள் இலவச உணவுப் பொருள் கொடுக்கிற இடத்தில் மூட்டை தூக்கினோம். எனக்குப் பிடித்தது அதுதான், பேச வேண்டியதில்லை.

எங்கள் சபையில் டீ கூடாது, காபி கூடாது என்பது தம்பிக்குத் தெரியும். ஆனால் கதவைத் திறந்து உள்ளே விடுகிற இங்கிலாந்துக்காரர் முதலில் கேட்பதே "டீ போடட்டுமா?" என்றுதான். வேண்டாம் என்றால் முகம் சுருங்கும். நான் ஹார்லிக்ஸ் கேட்டுப் பார்த்தேன். 70 வயதுக்குக் கீழே யார் வீட்டிலும் இல்லை. கடைசியில் 'ஸ்குவாஷ்' என்று கேட்கக் கற்றுக்கொண்டேன். பாட்டில் ஜூஸில் தண்ணீர் ஊற்றித் தருவார்கள், அவர்களுக்கும் திருப்தி.

சமையல் நாமேதான். பிரெஸ்டனில் குஜராத்திக்காரர்கள் நிறைய. துவரம்பருப்பு, கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கும். சாம்பார் பொடி மட்டும் வீட்டிலிருந்து போகட்டும்.

கஷ்டம் எது என்று கேட்டால் எல்லோரும் குளிர் என்பார்கள். இல்லை. ஜோடியாகத்தான் இருக்க வேண்டும், கண்ணுக்கும் காதுக்கும் எட்டுகிற தூரத்தில், பாத்ரூம் தவிர எப்போதும். ஆறு வாரத்துக்கு ஒரு தடவை இடமாற்றம் வரும், அப்போது ஆள் மாறலாம், மாறாமலும் போகலாம். என் முதல் ஜோடி அமெரிக்காவில் தனி ரூமில் வளர்ந்தவன். மூன்றாவது வாரம் பாத்ரூமில் உட்கார்ந்து அழுதான். நான் ஹவுசிங் போர்டில் ஒரே அறையில் ஆறு பேரோடு வளர்ந்தவன். எனக்கு இரண்டு பேர் என்றால் அது காலி வீடு! எனக்குப் பிரச்சினை வேறு. சத்தமே இல்லை அக்கா. குழாயடிச் சண்டை இல்லை, ஆட்டோ இல்லை, சாவு மேளம் இல்லை. சாயந்திரம் 5 மணிக்கு மேல் தெருவில் ஒரு ஆள் நடமாட்டம் கிடையாது. முதல் மாதம் ராத்திரியில் ஃபிரிட்ஜ் உறுமுவதைக் கேட்டுக்கொண்டுதான் தூங்கினேன்.

திங்கட்கிழமை எங்களுக்கு ஓய்வு நாள். துணி துவைக்க, கடைக்குப் போக, வீட்டோடு வீடியோவில் பேச. 2019 பிப்ரவரிக்கு முன்னால் போனவர்களுக்கு வருடத்துக்கு இரண்டே தடவைதான் போன், கிறிஸ்துமஸ் அன்றும் அன்னையர் தினத்தன்றும். இப்போது வாராவாரம். அங்கே குளிர்காலத்தில் மதியம் 2 மணிக்கு நான் கூப்பிட்டால் இங்கே ராத்திரி 7:30. அம்மாவைச் சீரியலைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். மிச்ச நேரத்தில் பூங்காவில் உள்ளூர்ப் பையன்களோடு ஃபுட்பால். வியாசர்பாடிக்காரனுக்கு அங்கே மரியாதை வாங்கிக் கொடுத்தது அதுதான், பிரசங்கம் இல்லை.

கல்யாணத்துக்கு அனுப்ப மாட்டார்கள், அந்த நம்பிக்கையை வைக்காதீர்கள். கிளம்புகிற தேதியைத் தள்ள முடியுமா என்று அவனுடைய சபைத் தலைவரிடம் இப்போதே கேளுங்கள். விசா போட்ட பிறகு கேட்காதீர்கள்.

இன்னொன்று. அங்கே யாரும் சொந்தப் பெயரில் கூப்பிட மாட்டார்கள். ஆண் ஊழியர் என்றால் 'எல்டர்' என்ற பட்டம் போட்டுக் குடும்பப் பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்தானே அந்தக் கட்டத்தில் இருக்கிறது. சட்டையில் குத்துகிற கறுப்புப் பெயர்ப் பட்டையில் அதைத்தான் பொறித்துக் கொடுத்தார்கள். என் அப்பா நான் எட்டாவது படிக்கும்போதே தவறிவிட்டார். அவர் பெயரில் ஒரு ழ உண்டு. இரண்டு வருடமும் இங்கிலாந்துக்காரர்கள் அந்த ழவைப் படுத்தின பாடு! ஆனாலும் தினமும் யாராவது அப்பா பெயரைச் சொன்னார்கள்.

ராயபுரத்தான்:

தப்பாக நினைக்காதே தம்பி. 1706இல் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். வெள்ளைக்காரன் நமக்குப் பைபிள் கொண்டுவந்தான். இப்போது வியாசர்பாடியிலிருந்து நாம் அவனுக்கே திருப்பிக் கொண்டுபோகிறோமா? சம்பளம் உண்டா இதற்கு?

வியாசர்பாடி 10ஆம் நம்பர் ஜெர்சி:

அண்ணே, ஒரு பைசா கிடையாது. நாம்தான் கட்ட வேண்டும். அமெரிக்கக் குடும்பங்கள் 2020 ஜூலையிலிருந்து மாதம் 500 டாலர் கட்டுகின்றன. நம்மைப் போன்றவர்களுக்கு முடிந்த அளவு, மிச்சத்துக்குச் சபையில் பொது நிதி இருக்கிறது. பிரெஸ்டனுக்கு அமெரிக்காவிலிருந்து முதல் மார்மன் ஊழியர்கள் வந்தது 1837இல். அங்கே ரிபிள் ஆற்றில்தான் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். நான் போனபோது ஆற்றில் கை வைத்துப் பார்த்தேன், உடனே எடுத்துவிட்டேன். எப்படித்தான் இறங்கினார்களோ.

கொளத்தூர் அம்மா:

பெரம்பூர் பொண்ணு, நான் ஒன்று மட்டும் சொல்கிறேன்மா. என் மகளும் போனாள். பெண்களுக்கு 18 மாதம். ஏழாவது மாதமே உடம்புக்கு முடியாமல் திரும்பி வந்துவிட்டாள். தூக்கம் இல்லை, நெஞ்சு படபடப்பு. அவளைவிட எனக்குத்தான் வெட்கம். எல்லோரிடமும் 18 மாதம் என்று சொல்லி வைத்திருந்தேனே. ஒரு மாதம் அவளை வாசலுக்கே விடவில்லை. அதை நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது. போகும்போதே பையனிடம் சொல்லிவிடுங்கள், பாதியில் வந்தாலும் சோறு இருக்கும், யாரும் கேள்வி கேட்க மாட்டோம் என்று. பல்லையும் இங்கேயே ஒரு டாக்டரிடம் காட்டிச் சரிபார்த்துவிடுங்கள்மா.

பெரம்பூர் அக்கா:

எல்லோருக்கும் நன்றி. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சாம்பார் பொடி என்று வந்ததும் எழுந்துபோய் மிளகாயைக் காயவைத்துவிட்டார். கொளத்தூர் அம்மா சொன்னதை நான் சொல்லவில்லை, அம்மாவே அவனிடம் சொன்னார்.

விசாவுக்கு டிபி டெஸ்ட் எடுத்தாயிற்று. கல்யாணத்தைத் தள்ளிப்போட மாப்பிள்ளை வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் தேதியைத் தள்ளக் கேட்டிருக்கிறோம். கோவிலில் என் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போக அவன்தான் இருக்கிறான்.

பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். அப்பா எங்களோடு இல்லை என்று எழுதியிருந்தேன். அவர் உயிரோடுதான் இருக்கிறார், கொருக்குப்பேட்டையில், வேறு குடும்பத்தோடு. பட்டையில் அந்தப் பெயர்தான் வரும் என்று தம்பியிடம் சொன்னேன். "தெரியும்க்கா, எப்பவோ பார்த்துட்டேன்" என்றான்.

சனிக்கிழமை எம்.சி. ரோட்டுக்குப் போய் வெள்ளைச் சட்டை எடுக்கப் போகிறோம். எத்தனை வேண்டும்? குளிர் கோட்டும் அங்கேயே எடுக்கலாமா?

வியாசர்பாடி 10ஆம் நம்பர் ஜெர்சி:

சட்டை ஆறு போதும் அக்கா, இஸ்திரி போடாமல் போடுகிற மாதிரி துணி. கோட் இங்கே எடுக்காதீர்கள், அந்த மழைக்கு இது தாங்காது. அங்கே பழைய துணி விற்கிற தர்மக் கடைகள் இருக்கின்றன. என் கோட் 8 பவுண்டு. பையில் யாரோ வைத்து மறந்த பஸ் டிக்கெட்டோடு வந்தது.