தடுத்த தளங்கள் தேடல் முடிவில் திரும்பத் திரும்ப வருகின்றன: யுபிளாக்லிஸ்ட் உதவி

வினவி:
வேண்டாத தளங்களைத் தேடல் முடிவிலிருந்து மறைக்கும் யுபிளாக்லிஸ்ட் எக்ஸ்டென்ஷனைக் குரோமில் வைத்திருக்கிறேன். பிறர் கட்டுரைகளை அப்படியே நகலெடுத்துப் போடும் 3 தளங்களைத் தடுத்தேன். கூகுளில் 2 மறைந்துவிட்டன, ஒன்று மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. டக்டக்கோ தேடுபொறியில் மூன்றுமே வருகின்றன. மறைநிலைச் சாளரத்தில் எதுவும் வேலை செய்யவில்லை. நீக்கிவிட்டு மறுபடி நிறுவியும் பயனில்லை. கூகுளில் மறையாத தளத்துக்கு நான் கையால் எழுதிய விதி இது (ஆங்கில எழுத்தில்தான் இட்டிருக்கிறேன்):
`*://மாதிரி.காம்/*`

சல்லடை:
இவை மூன்றும் தனித்தனிக் கோளாறுகள், மறுநிறுவல் எதையும் தீர்க்காது.

முதலில் விதி. நீங்கள் எழுதியது வெறும் டொமைனை மட்டுமே பிடிக்கும். முன்னால் டபிள்யூ டபிள்யூ டபிள்யூ சேர்ந்த முகவரியோ, வேறு துணை டொமைனோ (பிளாக்.மாதிரி.காம் போல) வந்தால் நழுவிவிடும். இப்படி மாற்றுங்கள்:
`*://*.மாதிரி.காம்/*`
நட்சத்திரமும் புள்ளியும் சேர்ந்தால் துணை டொமைன்களோடு வெறும் டொமைனும் அடங்கும், தனியாக இன்னொரு வரி வேண்டாம். அந்தத் தளத்தில் ஒரு துணை டொமைன் மட்டும் உங்களுக்குத் தேவை என்றால், அதற்கான விதியை @ குறியோடு தொடங்கி எழுதுங்கள். அது தடையிலிருந்து விலக்கு.

டக்டக்கோ: தொடக்கத்தில் இந்த எக்ஸ்டென்ஷன் கூகுளில் மட்டும்தான் இயங்கும். அதன் அமைப்புகளில் மற்றத் தேடுபொறிகளை ஒவ்வொன்றாக இயக்க வேண்டும். அப்போது பிரவுசர் கேட்கும் அனுமதியை மறுத்தால் பழைய நிலைதான்.

மறைநிலை: குரோமின் நீட்டிப்புகள் (எக்ஸ்டென்ஷன்கள்) பக்கத்தில் யுபிளாக்லிஸ்டின் விவரங்களைத் திறந்து, மறைநிலையில் அனுமதிக்கும் பொத்தானை இயக்குங்கள். குரோம் இதைத் தானாகத் தராது.

இனி எப்போது சிக்கல் வந்தாலும் முதலில் தேடல் முடிவுகளின் அருகில் தளத்தைத் தடுக்கும் இணைப்பு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தும் தளம் மறையவில்லை என்றால் பிழை விதியில். இணைப்பே தெரியவில்லை என்றால் எக்ஸ்டென்ஷன் அந்தப் பக்கத்தில் ஓடவே இல்லை, அனுமதியைச் சரிபாருங்கள். அதே விவரங்கள் பக்கத்தில் தள அணுகல் 'கிளிக் செய்யும்போது' என்று இருப்பதும் ஒரு காரணம்.

வினவி:
மூன்றும் சரியாகிவிட்டன, மிக்க நன்றி. நிரல் கோப்புகளைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் கிடைத்த ஆயத்தத் தடைப் பட்டியல் ஒன்றைச் சந்தாவாகச் சேர்த்தேன். அதிலுள்ள தளங்கள் மட்டும் மறையவில்லையே?

சல்லடை:
பட்டியலைக் காட்டும் கிட்ஹப் பக்கத்தின் முகவரியை இட்டிருப்பீர்கள். அது வெறும் வலைப்பக்கம், அதில் விதிகளைப் படிக்க முடியாது. கோப்பைத் திறந்து 'ரா' பொத்தானை அழுத்தினால் வரும் முகவரிதான் வேண்டும். பட்டியல் யுபிளாக்லிஸ்டுக்காக எழுதப்பட்டதா என்பதையும் பாருங்கள். விளம்பரத் தடுப்பானுக்கு எழுதியதை இங்கே போட்டுப் பலனில்லை.

ஏடு:
ஒன்று சேர்க்கிறேன். கூகுள் முடிவுகளின் மேலே வரும் ஏஐ சுருக்கத்தை நீக்க எக்ஸ்டென்ஷனே தேவையில்லை. 2024 மே மாதம் கூகுள் கொண்டுவந்த 'வெப்' வடிகட்டி வெறும் இணைப்புகளை மட்டும் தரும். அதைத் தேர்ந்தெடுத்தால் முகவரியில் யுடிஎம்=14 (ஆங்கிலத்தில் udm=14) என்று சேர்வதைக் காணலாம். குரோம் அமைப்புகளில் தேடுபொறி, அதில் தளத் தேடல், அங்கே 'சேர்' அழுத்துங்கள். முகவரிப் பெட்டியில் கூகுள் தேடல் முகவரியை இட்டு, தேடுசொல் வரவேண்டிய இடத்தில் சதவீதக் குறியும் ஒட்டினாற்போல் சிறிய எஸ் எழுத்தும், கடைசியில் & குறியோடு யுடிஎம்=14 என்பதும் இடுங்கள். சேமித்தபின் மூன்று புள்ளி மெனுவில் இயல்புநிலையாக்கினால் ஒவ்வொரு தேடலும் அப்படியே வரும்.

இதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. தேடலை மேம்படுத்தும் எக்ஸ்டென்ஷன்கள் பலவும் எல்லாத் தளங்களின் தரவையும் படித்து மாற்றும் அனுமதியைக் கேட்கின்றன. நல்ல எக்ஸ்டென்ஷனும் வேறு உரிமையாளருக்குக் கைமாறலாம். 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்ற எக்ஸ்டென்ஷனை, அது அப்படிக் கைமாறிய பிறகு, 2021 பிப்ரவரியில் தீங்குநிரல் இருப்பதாகக் குரோம் நீக்கியது. யுபிளாக்லிஸ்டுக்குத் தேடுபொறிகளில் மட்டும் அணுகல் போதும், தள அணுகலில் அவ்வளவே வைத்திருங்கள்.

வினவி:
போனிலும் இதே பட்டியல் வேண்டும். வழி உண்டா?

சல்லடை:
ஆண்ட்ராய்டு குரோமில் முடியாது, பயர்பாக்ஸில் முடியும். பட்டியலைக் கூகுள் டிரைவ் அல்லது டிராப்பாக்ஸ் வழியாக ஒத்திசைக்க யுபிளாக்லிஸ்ட் அமைப்புகளிலேயே இடம் உண்டு. கணினியில் ஒத்திசைவை முதலில் இயக்கி, பிறகு போனில் அதே கணக்கை இணையுங்கள்.