புதுப்பிப்பு: பப் மேடையில் வோக்கல் மைக் ஊளையிட்ட பிரச்சினை தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: சின்ன பப், தாழ்ந்த கூரை, ஒரே இரவில் மூன்று பேண்ட். பாடகரின் மானிட்டரை (தன் குரலை அவரே கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர்) கொஞ்சம் ஏற்றினாலே மைக் 'கூ'வென்று ஊளையிட்டது.

வேலை செய்தது, மானிட்டரின் இடத்தை மாற்றச் சொன்ன யோசனை. எஸ்எம்58 போன்ற கார்டியாய்டு (முன்பக்க ஒலியையே அதிகம் எடுக்கும்) மைக், நேர் பின்னாலிருந்து (180 டிகிரி) வரும் ஒலியைத்தான் மிகக் குறைவாக எடுக்கும். இங்கே இருந்ததோ பீட்டா 58ஏ. அது சூப்பர்கார்டியாய்டு (முன்னால் இன்னும் குறுகலாகக் கேட்கும் வகை), அதற்குச் செவிடான இடம் ஏறத்தாழ 125 டிகிரி. நேர் பின்னால் அதற்குக் கொஞ்சம் காது உண்டு, மானிட்டர் இருந்ததும் சரியாக அங்கேதான்! அந்த 125 டிகிரிப் பக்கம் நகர்த்தியதும் ஊளை பெரும்பாலும் அடங்கியது.

மிச்சத்துக்கு 31 பேண்ட் ஈக்யூ (ஒலியை 31 அலைவரிசைகளாகப் பிரித்துத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் கருவி). மானிட்டரை மெதுவாக ஏற்றி, முதலில் ஊளையிட்ட 2.5 கிலோஹெர்ட்ஸில் 4 டெசிபல், அடுத்து வந்த 800 ஹெர்ட்ஸில் 3 டெசிபல் குறைத்தாயிற்று. அதற்கு மேல் வெட்டினால் குரல் அமுங்கிவிடும்.

எதிர்பாராதது: இரண்டாவது இசைக்குழு வாசித்தபோது மறுபடியும் ஊளை. ஈக்யூவைத் தொட வேண்டியிருக்கவில்லை. பாடகர் மைக்கின் வலையைக் கையால் பொத்திப் பிடித்திருந்தார். பின்பக்கத் துளைகள் அடைபட்டால் மைக் எல்லாத் திசையிலும் கேட்க ஆரம்பித்துவிடும். கையைக் கீழே இறக்கியதும் சரி.

கிட்டார் ஆம்பை (கிட்டாரின் ஒலிபெருக்கிப் பெட்டி) சாய்த்து வாசிப்பவரின் காதை நோக்கி வைக்கும் யோசனையும் பலித்தது. அவரே வால்யூமைக் குறைத்துக்கொண்டார்.