ஜப்பான் தேயிலைப் பண்ணையில் பயிற்சி: ஏப்ரலா, செப்டம்பரா?

காவேரிக்கரை:
வேளாண்மை படித்து முடித்திருக்கிறேன். கியோட்டோவுக்குத் தெற்கே வாஸுகா என்கிற ஊரில் ஒரு தேயிலைப் பண்ணையில் மூன்று மாதப் பயிற்சிக்கு இடம் கிடைக்கும்போல இருக்கிறது. சம்பளம் கிடையாது, தங்க இடம் உண்டு. ஏப்ரலில் வருகிறாயா, செப்டம்பரில் வருகிறாயா என்று கேட்கிறார்கள். இணையத்தில் தேடினால் எல்லோரும் பச்சை மலையில் நின்று சிரிக்கிற படம்தான் வருகிறது, நாள் முழுக்க என்ன வேலை என்று ஒருத்தரும் எழுதவில்லை. ஏதாவது கற்றுக்கொள்ள முடியுமா, இல்லை இலவசக் கூலியாள்தானா? நான் சைவம், முட்டைகூடச் சாப்பிட மாட்டேன். ஜப்பானிய மொழி எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுதான்.

மழைமேடு:
ஏப்ரலில் போங்கள், யோசிக்கவே வேண்டாம். நான் அதே பக்கத்தில் ஒரு பண்ணையில் இருந்திருக்கிறேன். முதல் அறுவடை, இச்சிபன்ச்சா என்பார்கள், ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே முழுக்க ஓடும், நல்ல விலை போவதும் அதுதான்.

ஆனால் கூடையை முதுகில் கட்டிக்கொண்டு கொழுந்து கிள்ளப் போகிறோம் என்ற நினைப்பை இங்கேயே விட்டுவிடுங்கள். செடி வரிசைக்கு இரண்டு பக்கமும் ஆளுக்கொருவர் நின்று, வளைந்த கத்தி வைத்த இயந்திரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடப்பார்கள், வெட்டின இலையைக் காற்று ஊதிப் பின்னால் தொங்குகிற நீளப் பைக்குள் தள்ளும், அந்தப் பையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவது மூன்றாவது ஆள், அதாவது நீங்கள். சரிவில் பை நிறைய நிறையத் தோள் கழன்றுவிடும். நிறைந்ததும் நிழலில் வைத்துச் சீக்கிரம் ஆலைக்கு அனுப்பிவிட வேண்டும், அடைத்த பைக்குள் இலை தானாகவே சூடேறிக் கெட ஆரம்பித்துவிடும்.

அப்புறம் கறுப்புத் துணி. கியொக்குரோ என்கிற உயர்ரகப் பச்சைத் தேயிலைக்கும், மட்சா தூள் அரைக்கிற தென்ச்சா இலைக்கும் அறுவடைக்கு முன்னால் 20 நாள் போலச் செடியை மூடி வைப்பார்கள். வேர் தயாரித்து மேலே அனுப்புகிற தியானின் என்கிற அமினோ அமிலம் வெயில் பட்டால் துவர்ப்பான கேட்டகின்களாக மாறிவிடும், நிழலில் அது பெரும்பாலும் அப்படியே தங்கும், இலையும் கரும்பச்சையாகும். இதைப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். மழையில் நனைந்த துணியைச் சுருட்டி இழுக்கும்போதுதான் அந்தத் தேநீர் ஏன் அந்த விலை என்று புரியும்.

மழைக்காலம் வந்துவிட்டால் களை, களை, களை. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இருசால்:
மழைமேடு சொல்வது சரிதான், ஆனால் அறுவடை நேரத்தில் அங்கே உங்களுக்கு நின்று பதில் சொல்ல யாருக்கும் நேரம் இருக்காது. பகலில் தோட்டம், ராத்திரி ஆலை, தூங்கினால் போதும் என்றிருப்பார்கள். வேளாண்மை படித்தவருக்குச் செப்டம்பர்தான் சரி என்பேன். இலையுதிர் காலத்தில் செடி வரிசையின் மேற்பரப்பைச் சீராக வெட்டிச் சமன் செய்வார்கள். அது கோணலாகப் போனால் அடுத்த வசந்தத்தில் தளிர் ஒரே மட்டத்தில் வராது, இயந்திரம் பழைய இலையையும் சேர்த்து வெட்டிவிடும். உரம் போடுவதும் அப்போதுதான், கடுகுப் பிண்ணாக்கு, மீன் தூள் எல்லாம் மூட்டை மூட்டையாக. எந்த ரகத்தை எங்கே நட்டிருக்கிறார்கள் என்றும் கேட்டு வையுங்கள். யாபுகிதா என்கிற ரகம் மட்டும் இருந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் முற்றிவிடும் என்று முன்னதாக வருகிற சாஎமிதோரி, பின்னால் வருகிற ஒகுமிதோரி இரண்டையும் கலந்து நடுவார்கள்.

கோத்தகிரிக்காரன்:
சின்னத் தோட்டம் வைத்திருக்கிறேன், ஜப்பான் போனதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன் தம்பி, எப்போது போனாலும் ஆலைக்குள் போய் நில்லுங்கள். கொழுந்தை வாட்டி, அரைத்து, புளிக்க விட்டு, அப்புறம் காய வைப்பது எங்கள் வழி. அவர்கள் வந்த இலையை வாட்டாமல் உடனே ஆவியில் காட்டிவிடுவார்கள், இலை புளிப்பது அதோடு நின்றுபோகும். ஆவியில் எத்தனை விநாடி என்பதுதான் விஷயமே. செஞ்சா என்கிற அவர்களுடைய சாதாரணப் பச்சைத் தேயிலைக்கு அரை நிமிடம், ஒரு நிமிடம். இன்னும் நீட்டினால் ஃபுகாமுஷி, இலை நொறுங்கும், தண்ணீர் கலங்கும். ஆவியில் வெந்த இலையை ஆலைக்காரர் கையில் எடுத்து அமுக்கிப் பார்ப்பார், அப்போது எதைப் பார்க்கிறார் என்று கேளுங்கள். எங்கள் பக்கம் பச்சைத் தேயிலை போட ஆசைப்படுகிறவர்கள் இடறுவது அந்த இடத்தில்தான்.

மழைமேடு:
அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு. செப்டம்பரில் போனால் அந்த முதல் கொழுந்து ஆவியில் வேகும் வாசனையே கிடைக்காதே, இருசால்!

நாடோடிப்பெண்:
முதலில் விசாவைப் பாருங்கள். இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஜப்பானின் வேலை விடுமுறை விசா, அதாவது ஊர் சுற்றிக்கொண்டே வேலையும் செய்ய விடுகிற விசா, கிடையாது. சுற்றுலா விசாவில் போய்ப் பண்ணை வேலை செய்வது சிக்கல், தங்க இடம் தந்தாலும் அதைக் கூலி என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. எந்த வகை விசாவுக்குக் கடிதம் தருவார்கள் என்று பண்ணையிடம் எழுத்தில் கேளுங்கள், மழுப்பினால் விட்டுவிடுங்கள். சம்பளத்தோடு போகிற தொழில்நுட்பப் பயிற்சித் திட்டம் வேறு, அது வருடக்கணக்கில் நீளும், இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சாப்பாடு: மிசோ சூப், காய்கறி வேகவைத்தது என்று எதைத் தொட்டாலும் உள்ளே மீன் சாறு இருக்கும். கொம்பு என்கிற கடற்பாசியில் சாறு எடுக்கலாம், சமையலறை பொதுவாக இருந்தால் நீங்களே செய்துகொள்ளுங்கள். பருப்பும் மசாலாவும் கோபேயில் இருக்கிற இந்திய மளிகைக் கடைகளில் கிடைக்கும். ஊருக்கு ரயில் கிடையாது, காமோ ரயில் நிலையத்திலிருந்து பேருந்துதான், அதனால் மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

காவேரிக்கரை:
எல்லோருக்கும் நன்றி. விசா பற்றி இன்றைக்கே எழுதிக் கேட்கிறேன். அது சரியாக வந்தால் ஏப்ரல்தான். இருசால், ஏப்ரலில் போகிறவருக்கும் அந்தச் சமன் செய்கிற வேலையைப் பார்க்க வழி உண்டா, முதல் அறுவடை முடிந்ததும் ஏதாவது வெட்டுவார்களா?

இருசால்:
உண்டு. இரண்டாவது அறுவடைக்கு முன்னால் மேலாக ஒரு வெட்டு வெட்டி, நீட்டிக்கொண்டிருக்கும் காம்புகளை எடுத்துவிடுவார்கள். வயதான செடியை ஆழமாக வெட்டுகிற கவ்வாத்தும் முதல் அறுவடை முடிந்த கையோடுதான் நடக்கும். அதற்கும் இரண்டு பக்கம் இரண்டு ஆள் வேண்டும், நானும் வருகிறேன் என்று நீங்களே போய்க் கேளுங்கள்.