மறு: முள்ளென்பு 'இணைப்பா', 'கூடவைப்பா'?

அன்பின் குழுவினருக்கு,

முதுகுத்தண்டின் எலும்புகளை (முள்ளென்புகளை) ஒன்றாக்கும் சத்திரசிகிச்சைக்கு, அதாவது ஆங்கிலத்தில் 'ஸ்பைனல் பியூஷன்' என்பதற்கு, எந்தத் தமிழ்ச் சொல் என்று பேசும் இந்த இழையை இரண்டு வாரமாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். 'இணைப்பு' என்றே முடியப்போகிறது என்று தெரிந்ததால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடந்த ஆண்டு என் சின்னம்மாவுக்குக் கொழும்பில் ஒரு தனியார் மருத்துவமனையில் இந்தச் சத்திரசிகிச்சை நடந்தது. முதல்நாள் கையில் கொடுத்த தமிழ்த் துண்டுப்பிரசுரத்தில் 'முண்ணாண் இணைப்பு' என்று இருந்தது. சின்னம்மா விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். "என்ன பிள்ளை, முண்ணாணையே வெட்டி ஒட்டப் போகினமோ?" என்று கேட்டார். முகம் வெளிறிவிட்டது. முண்ணாண் என்பது உள்ளே ஓடும் நரம்புக் கயிறு, தமிழ்நாட்டில் நீங்கள் சொல்லும் தண்டுவடம். அதைத் தொடாமல் வேலை செய்வதுதான் சத்திரசிகிச்சை நிபுணரின் கவலையே. ஆகவே 'தண்டுவட இணைவு' என்று முன்மொழிந்த கோவைத் தம்பியிடம் முதல் வேண்டுகோள்: முன்பகுதியை முள்ளென்பு என்றோ முள்ளெலும்பு என்றோ வைத்துக்கொள்வோம். என்பா எலும்பா என்ற பழைய சண்டை இன்று வேண்டாம்.

இனிப் பின்பகுதி. 'இணைப்பு' போதும் என்றவர் எழுதியது:

> இணைப்பு எல்லாருக்கும் புரியும். புரியும் சொல் இருக்க வேறு எதற்கு?

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். கொழும்புக் கோட்டையிலிருந்து புறப்படும் யாழ்தேவி ரயிலில் பெட்டிகள் இணைக்கப்பட்டிருக்கின்றன. ஆனாலும் ஒவ்வொன்றும் தனித்தனியே குலுங்கும். கழற்றினால் தனித்தனிப் பெட்டி. திருகாணியும் கம்பியும் போட்டு முள்ளென்புகளைப் பிடித்துவைப்பது இந்த வகை. அதற்கு இணைப்பு சரியான சொல்தான். ஆனால் நாம் பெயர் தேடுவது அதற்கு அல்ல. இரண்டு என்புகளுக்கு நடுவே புது என்பு வளர்ந்து இரண்டும் ஒரே என்பாகிவிடுவதற்குத்தான் தேடுகிறோம்.

வரலாறும் இதைத்தான் காட்டுகிறது. 1911இல் நியூயோர்க்கில் ரசல் ஹிப்ஸ், பிரெட் ஆல்பி என்ற இருவர் தனித்தனியே இதைச் செய்து வெளியிட்டபோது இன்றைய திருகாணி கிடையாது. காசநோய் அரித்த முள்ளந்தண்டு மேலும் கூனாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். ஆல்பி காலின் முன்னென்பிலிருந்து ஒரு துண்டை எடுத்து வைத்தார். ஹிப்ஸ் அங்கேயே இருந்த என்பைச் சீவி ஒன்றின்மேல் ஒன்று படியவைத்தார். மிச்சத்தை உடல் பார்த்துக்கொண்டது. முள்ளென்புக்குள் இறக்கும் திருகாணியை பிரான்சில் ரோய்-கமில் பயன்படுத்தத் தொடங்கியது 1960களில். இன்றைக்கும் திருகாணியின் வேலை, என்பு வளரும்வரை அசையாமல் பிடித்திருப்பதுதான். என்பு வளராவிட்டால் உலோகம் நாளடைவில் களைத்து முறியலாம்.

1965இல் மார்ஷல் யூரிஸ்ட், கனிமம் நீக்கிய என்பைத் தசைக்குள் வைத்தால் அங்கேயே புது என்பு உருவாவதைக் காட்டினார். அந்த வழியில் வந்த புரதம் ஒன்றை 2002இல் அமெரிக்கா முள்ளென்புச் சிகிச்சைக்கு அனுமதித்தது. பக்கவிளைவுகளைப் பற்றிய சண்டை பின்னால் வந்தது, அது வேறு கதை. இத்தனை ஆராய்ச்சியும் ஒரே கேள்வியைத்தான் சுற்றுகிறது: என்பை எப்படிக் கூடச் செய்வது?

பாருங்கள், எழுதும்போதே சொல் வந்துவிட்டது. எங்கள் ஊர் முறிவு தறிவு வைத்தியரிடம் கட்டுப்போட்டுவிட்டு வருபவரை எல்லாரும் கேட்பது "எலும்பு கூடிட்டுதோ?" என்றுதான். இணைந்துவிட்டதா என்று எவரும் கேட்பதில்லை. கூடுவது என்பின் வேலை, தன்வினை. வைத்தியர் செய்வது பிறவினை. ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு தடுமாறுகிறது. சத்திரசிகிச்சை முடிந்த அன்றே எல்லாம் ஆகிவிட்டது என்று நோயாளி நம்புவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பேன். உண்மையில் கூடுவதற்குப் பல மாதம், சிலருக்கு ஓராண்டுகூட ஆகலாம். புகைப்பவர்களுக்குக் கூடாமலே போகும் வாய்ப்பு அதிகம்.

பிறவினைக்குக் 'கூட்டு' என்று ஒருவர் எழுதியிருந்தார். இலக்கணம் சரி. ஆனால் 'கூட்டுச் சத்திரசிகிச்சை' என்றால் கூட்டறிக்கை போல இரண்டு நிபுணர் சேர்ந்து செய்வது என்றாகிவிடும். (பூசணிக்காய்க் கூட்டு நினைவுக்கு வருகிறது என்று சென்னை அக்கா எழுதியதையும் ஏற்றுக்கொள்கிறேன்.) ஆகவே 'கூடவைப்பு' என்கிறேன்.

இழையில் வந்த இன்னொரு சொல்லான 'முள்ளந்தண்டுச் சீரமைப்பு' அழகான சொல், பலனை வாக்களிப்பதுபோல் ஒலிப்பதால் அதனாலேயே ஆபத்து. 2016இல் வெளியான சுவீடன் ஆய்வொன்றில், கீழ் முதுகில் நரம்புப்பாதை ஒடுங்கிய 247 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு நெருக்கத்தை மட்டும் நீக்கினார்கள். மற்றதுக்கு அதோடு கூடவைப்பும் செய்தார்கள். இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது கூடவைப்பால் கூடுதல் பலன் தெரியவில்லை. முறிவு, காசநோய், பெரிய கோணல் என்றால் கதை வேறு. ஆனால் என்பு கூடியும் வலி தீராதவர் உண்டு. செய்வதைச் சொல்லும் பெயர் போதும், பலனை வாக்களிக்கும் பெயர் வேண்டாம்.

'பியூஷன்' என்றே எழுதலாம் என்றவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த அமெரிக்கரான கிறீன் வைத்தியரைத் துணைக்கழைத்தார். இரசாயனத்தைக் 'கெமிஸ்தம்' என்று எழுதியவர் அவர் என்பது உண்மை. இன்று அந்தச் சொல் யார் வாயில் இருக்கிறது?

ஆக என் பட்டியல்: சத்திரசிகிச்சைக்கு முள்ளென்புக் கூடவைப்பு, விளைவுக்கு என்பு கூடுகை, கூடாமல் அந்த இடம் அசைந்துகொண்டே இருந்தால் போலிமூட்டு, எடுத்துவைக்கும் துண்டுக்கு ஒட்டென்பு, ஒட்டுமாங்கன்றின் வழியில். திருகாணிக்கும் கம்பிக்கும் இணைப்பு என்பதையே விட்டுவிடலாம்.

இந்தச் சொற்களை வைத்து ஒரு பக்கம் எழுதி நேற்று வெள்ளவத்தையில் சின்னம்மாவிடம் கொடுத்தேன். இரண்டு முறை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அப்ப எனக்குக் கூடிட்டுதோ?" என்றார். ஒரு வருடமாக அவருக்கு வராத கேள்வி. அடுத்த கிளினிக்கில் கேட்பதற்குக் கொப்பியில் எழுதிவைத்திருக்கிறார்.